போர் விட்டுச்சென்ற எஞ்சின்: சொய்ச்சிரோ ஹொண்டாவும் எங்கள் வீட்டு எம்டி 90உம்

கொஸ்லந்தையில் எங்கள் லயத்து இஸ்தோப்பில் கடந்த மாதம் ஒரு எம்டி 90 பிரிந்து கிடந்தது. பழைய உரச்சாக்கை விரித்து, அதன்மேல் கழற்றிய வரிசைப்படியே நட்டுகளையும் போல்ட்டுகளையும் அடுக்கியிருந்தார் மாமா. தேங்காய்ச் சிரட்டை ஒன்றில் சின்னத் திருகாணிகள். இன்னொன்றில் மண்ணெண்ணெயில் ஊறும் காபரேற்றர் ஜெட். மழை பெய்தால் தூக்கி உள்ளே வைக்க ஒரு தகரம்.

வண்டி சில வாரங்களாக நீலப் புகை கக்கியது. ஹல்துமுல்லை ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு மேல் இழுக்கவில்லை. மாமா பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்துக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டுக் கிக்கரை மிதித்துப் பார்த்தார். முன்பு தொளதொளவென்று இறங்கிய கிக்கர் இப்போது காலை எதிர்த்துத் தள்ளியது. ஊற்றிய எண்ணெய் இடைவெளியை அடைத்ததால்தான் அமுக்கம் ஏறியது. அப்படியென்றால் வால்வு நல்லது, பிஸ்டன் வளையம்தான் தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்தார். மீற்றரும் கணினியும் இல்லாமல் ஒரு கரண்டி எண்ணெயால் கண்டுபிடித்த நோய்.

மாமா இதைக் கற்றது கொஸ்லந்தையில் அல்ல. 1977 வன்செயலில் அடித்து விரட்டப்பட்ட குடும்பங்களோடு பத்து வயதில் லொறி ஏறி வன்னிக்குப் போனவர் அவர். கிளிநொச்சிக்குக் கிழக்கே தர்மபுரத்தில் வளர்ந்தார். அங்கே ஒரு கராஜில் கையாளாகச் சேர்ந்து மெக்கானிக் ஆனார். 2009இல் எல்லாவற்றையும் விட்டு, செட்டிக்குளம் முகாம் வழியாக மீண்டும் இந்த மலைக்கே, தன் அக்காவின் லயத்துக்கு வந்து சேர்ந்தார்.

வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எஞ்சின் மூடியில் இருந்த பெயர் கண்ணில் பட்டது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மலையகத்திலும் நாம் ஒவ்வொரு நாளும் உச்சரிக்கும் பெயர். அது ஒரு கம்பனியின் பெயராக மட்டுமே நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயருக்குரிய மனிதர் முதலில் தோற்றதே இந்தப் பிஸ்டன் வளையத்தில்தான். போரில் பட்டறையை இழந்து, பூகம்பத்தில் இன்னொன்றை இழந்து, தோற்ற இராணுவம் விட்டுச்சென்ற சின்ன எஞ்சின்களைச் சைக்கிளில் பூட்டி மீண்டும் ஆரம்பித்தவர் அவர். அந்தக் கதையை நமக்காக ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

கொல்லன் மகன்

சொய்ச்சிரோ ஹொண்டா 1906 நவம்பர் 17ஆம் திகதி, ஜப்பானின் ஷிசுவோக்கா மாகாணத்தில் ஹமமட்சு நகருக்கு அருகேயுள்ள கொம்யோ என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் கிஹெய் கொல்லர். தாயார் மிக்கா நெசவாளி. சைக்கிள்கள் ஊருக்குள் வரத் தொடங்கியபோது தகப்பனார் உலையோடு சைக்கிள் திருத்தும் வேலையையும் சேர்த்துக்கொண்டார். பழுதான சைக்கிள்களை மலிவாக வாங்கித் திருத்தி விற்றார். மகன் வளர்ந்தது அந்த இரும்புச் சத்தத்திலும் எண்ணெய் வாசனையிலும்.

பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. பெறுபேற்று அட்டையில் வீட்டுப் பெரியவர் குடும்ப முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். சிறுவன் சொய்ச்சிரோ சைக்கிள் மிதியின் ரப்பரை வெட்டித் தானே ஒரு முத்திரை செய்துகொண்டார். அது சரியாக வேலை செய்யவே, கூட்டாளிகளுக்கும் செய்து கொடுத்தார். அங்கேதான் பிடிபட்டார். ஹொண்டா என்ற பெயரின் இரண்டு எழுத்துகளும் இடம் வலம் ஒத்தவை. கண்ணாடியில் பார்த்தாலும் அப்படியே தெரியும். மற்றப் பிள்ளைகளின் பெயர்கள் அப்படி இல்லை. முத்திரையில் எழுத்தைப் புரட்டிச் செதுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஊருக்கு முதன்முதலாக ஒரு மோட்டார் கார் வந்த நாளை அவர் கடைசிவரை மறக்கவில்லை. வண்டியின் பின்னால் ஓடினார். அது நின்ற இடத்தில் தரையில் சொட்டிய எண்ணெயைக் குனிந்து முகர்ந்தார். 1917இல் ஆர்ட் ஸ்மித் என்ற அமெரிக்க விமானி ஹமமட்சுவில் சாகசம் காட்ட வந்தபோது, தகப்பனாரின் சைக்கிளைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரமும் மிதித்துப் போனார். நுழைவுக் கட்டணத்துக்குக் காசு போதவில்லை. வெளியே ஒரு மரத்தில் ஏறி விமானம் பறப்பதைப் பார்த்தார்.

குழந்தை தூக்கிய கையாள்

1922இல், 15 வயதில், டோக்கியோவில் ஆர்ட் ஷொக்காய் என்ற வாகனத் திருத்தகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எஞ்சினைத் தொடலாம் என்ற கனவோடு போனவருக்கு முதல் மாதங்களில் கிடைத்தது முதலாளியின் குழந்தையை முதுகில் கட்டிச் சுமக்கும் வேலையும் தரை துடைப்பதும். திரும்பி ஓடிவிட நினைத்தார். ஆனால் ஓடவில்லை. ஒருநாள் வேலை மிஞ்சிப்போய் ஆள் போதாதபோதுதான் ஒரு காருக்கு அடியில் படுக்க அவருக்கு அனுமதி கிடைத்தது.

இந்த இடத்தில் மாமா சிரித்தார். தர்மபுரத்துக் கராஜில் முதல் ஆறு மாதம் அவர் செய்ததும் தேநீர் வாங்கி வருவதும் சாவி எடுத்துக் கொடுப்பதும்தானாம். எந்த நட்டுக்கு எந்தச் சாவி என்று முதலாளி கேட்பதற்கு முன்பே நீட்டப் பழகியதுதான் அவருடைய முதல் பாடம்.

1923 செப்டெம்பர் 1ஆம் திகதி பெரும் பூகம்பமும் தீயும் டோக்கியோவை அழித்தன. திருத்தகமும் எரிந்தது. தீ வருமுன் வாடிக்கையாளர்களின் வண்டிகளை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. ஹொண்டா தன் வாழ்நாளில் முதன்முறையாகக் கார் ஓட்டியது அன்றுதான். பல தொழிலாளர்கள் ஊர் திரும்பிவிட, அவர் தங்கினார். எரிந்துபோன வண்டிகளைத் திருத்தி மீண்டும் ஓட வைக்கும் வேலை அவருக்குப் பெரிய பள்ளிக்கூடமாக அமைந்தது. முதலாளி யூசோ சகாகிபரா திருத்துவதோடு நிற்காமல், செய்யவும் கற்றுக்கொடுத்தார்.

1928இல், 21 வயதில், அதே பெயரில் ஹமமட்சுவில் ஒரு கிளையைத் திறக்க முதலாளி அவரை அனுமதித்தார். அந்தக் காலத்தில் கார் சக்கரங்களின் ஆரங்கள் மரத்தால் ஆனவை. அவற்றுக்குப் பதிலாக வார்ப்பிரும்பு ஆரங்களைச் செய்து காப்புரிமை பெற்றார். கையில் பணம் புரண்டது. கார் பந்தயத்திலும் இறங்கினார். 1936இல் டோக்கியோவுக்கு அருகே நடந்த பந்தயத்தில் அவருடைய கார் கவிழ்ந்து பலத்த காயமடைந்தார்.

ஐம்பதில் மூன்று

மற்றவர்கள் செய்த வண்டியைத் திருத்திக்கொண்டே இருப்பது அவருக்குப் போதவில்லை. பிஸ்டன் வளையம் செய்ய முடிவெடுத்தார். பார்த்தால் ஒரு சின்ன இரும்பு வளையம், மோதிரம் மாதிரி. ஆனால் எஞ்சினின் உயிர் அதில்தான் இருக்கிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் நின்று, வெடிக்கும் வாயு கீழே நழுவாமலும் கீழேயுள்ள எண்ணெய் மேலே ஏறி எரியாமலும் அது காக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் சுவரைக் கீறும். மெத்தென்றிருந்தால் சீக்கிரம் தேயும்.

ஹொண்டாவும் உதவியாளர்களும் இரவு பகலாக வார்த்தார்கள். ஒன்றும் சரிவரவில்லை. சேமிப்புக் கரைந்தது. ஹமமட்சு தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய் ஒரு பேராசிரியரிடம் தன் வளையத்தைக் காட்டினார். அதைச் சோதித்தபோது, இரும்பில் சிலிக்கன் போதாது என்று தெரிந்தது. எல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும் என்று நம்பியிருந்தவருக்கு, தான் எதைத் தெரியாமல் இருக்கிறோம் என்பதே தெரியாமல் இருந்தது அன்றுதான் உறைத்தது.

முப்பது வயதில், ஒரு தொழிலின் முதலாளியாக இருந்துகொண்டு, அதே கல்லூரியில் பகுதிநேர மாணவராகச் சேர்ந்தார். தனக்குத் தேவையான பாடங்களுக்கு மட்டும் போனார். பரீட்சை எழுதவில்லை. அதனால் சான்றிதழும் கிடைக்கவில்லை. வளையம் ஒருவாறு சரிவந்து, டொயோட்டா கம்பனிக்கு 50 மாதிரிகளைக் கொடுத்தபோது தேறியவை மூன்று மட்டும். பிறகு இரண்டு வருடங்கள் தொழிற்சாலைகளையும் கல்லூரிகளையும் சுற்றிப் பார்த்துக் குறைகளைக் களைந்தார். அதன்பிறகே பெருந்தொகையாகச் செய்ய முடிந்தது.

யாருடைய போர்

அவருடைய கம்பனியான தொக்காய் செய்க்கி வளர்ந்தது போரோடு சேர்ந்துதான். இதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்வது நேர்மையாகாது. வளையங்கள் டொயோட்டாவுக்கும் நக்கஜிமா விமானக் கம்பனிக்கும் போயின. ஆண்கள் படைக்குப் போக, தொழிற்சாலையில் பெண்களும் மாணவிகளும் வேலைக்கு வந்தார்கள். அவர்கள் கையாளக்கூடிய விதத்தில் இயந்திரங்களைத் தானியங்கியாக மாற்றி அமைத்தார் ஹொண்டா. போர் விமானங்களுக்கான மரச் சுழலிகளைக் கடைந்தெடுக்கும் இயந்திரமும் அமைத்துக் கொடுத்தார். முன்பு கையால் பல நாட்கள் எடுத்த வேலை நிமிடக் கணக்கில் முடிந்தது.

அந்தப் போர் நம்மையும் தொட்டது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து ஜப்பானிய இராணுவம் கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் சியாம் - பர்மா ரயில் பாதையில் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். எங்கள் தோட்டங்களில் இருப்பவர்களைப் போலவே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் அவர்கள். ஹொண்டா துப்பாக்கி தூக்கியவர் அல்ல. ஆனால் அந்தப் பெரிய இயந்திரத்தில் அவருடைய வளையமும் இருந்தது.

பிறகு போர் அவருடைய வாசலுக்கே திரும்பி வந்தது. 1944இல் அமெரிக்க பி-29 விமானங்களின் குண்டுவீச்சில் அவருடைய ஒரு தொழிற்சாலை அழிந்தது. 1945 ஜனவரி 13ஆம் திகதி மிக்காவா பூகம்பத்தில் இவாத்தாவில் இருந்த மற்றத் தொழிற்சாலையும் சரிந்தது. கொஸ்லந்தையில் இருக்கும் எனக்கு இதை வாசிக்கும்போது மீரியபெத்தை நினைவுக்கு வராமல் இருக்காது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, போருக்குத் தப்பி இங்கே வந்திருந்தவர்களும் ஓடிவந்து மண்ணைத் தோண்டினார்கள். மனிதன் அழிப்பதும் மண் அழிப்பதும் வேறு வேறுதான். இழந்தவருக்கு அந்த வேறுபாடு உடனே தெரிவதில்லை.

போர் முடிந்ததும் எஞ்சியதை டொயோட்டாவுக்கு 450,000 யென்னுக்கு விற்றார் ஹொண்டா. அதன்பின் ஏறத்தாழ ஒரு வருடம் எந்த வேலையும் செய்யவில்லை. ஒரு பீப்பாய் நிறைய மதுசாரம் வாங்கி வைத்துக்கொண்டு, நண்பர்களோடு குடித்து, மூங்கில் குழல் ஊதிப் பொழுதைப் போக்கினார். அவரைப் பற்றிய பல கட்டுரைகள் இந்த ஒரு வருடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. எல்லாம் உடைந்தபிறகு ஒரு மனிதனுக்குச் சும்மா இருக்க ஒரு வருடம் கிடைத்தது. கையில் விற்ற காசு இருந்தது. யாரும் அவரை முள்வேலிக்குள் வைத்திருக்கவில்லை.

ஐந்நூறு எஞ்சின்கள்

1946 ஒக்டோபரில் ஹமமட்சுவில் ஒரு கொட்டிலில் தன் பெயரில் ஒரு தொழில்நுட்ப ஆய்வகத்தைத் திறந்தார். ஆய்வகம் என்பது பெயருக்குத்தான். ஊர் எரிந்து கிடந்தது. ரயில்களில் தொங்கிக்கொண்டு மக்கள் கிராமங்களுக்குப் போய் அரிசி வாங்கி வந்தார்கள். மற்றவர்களுக்குச் சைக்கிள்தான் கதி.

அப்போது அவர் கண்ணில் பட்டது இராணுவத்தின் வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் கொடுக்கப் பயன்பட்ட ஒரு சிறிய ஜெனரேற்றர் எஞ்சின். இரண்டு அடிப்பு எஞ்சின், உள்ளங்கையில் ஏந்தக்கூடிய சிலிண்டர். அதைச் சைக்கிளில் பூட்டினால் என்ன என்று யோசித்தார். பெற்றோல் தாங்கிக்குத் தகரம் இல்லாததால், குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்கப் பயன்படும் வெந்நீர்ப் போத்தலையே தாங்கியாக மாட்டினார். முதலில் எஞ்சினைக் கைப்பிடிக்கு முன்னால் வைத்து, ஒரு ரப்பர் உருளை முன் சில்லை உரசித் தள்ளும்படி செய்தார். உரசியதில் டயர் பிய்ந்தது. பிறகு எஞ்சினை நடுச்சட்டத்துக்குக் கொண்டுவந்து, பட்டி மூலம் பின் சில்லைச் சுழற்ற வைத்தார்.

சோதித்துப் பார்த்தது மனைவி சச்சி. கூட்டமான தெருவில் ஓட்டிவிட்டு வந்தவரின் உடுப்பெல்லாம் எண்ணெய். காபரேற்றர் பின்னால் துப்பியதுதான் காரணம். ஒரு பெண் இதில் ஏறிக் கடைக்குப் போய்வர முடியாவிட்டால் பயனில்லை என்பதால் அதையும் திருத்தினார்.

இப்படிக் கிடைத்த எஞ்சின்கள் சுமார் 500. அவற்றை வாங்கி அப்படியே பூட்டி விற்கவில்லை. ஒவ்வொன்றையும் முழுதாகப் பிரித்து, துப்புரவாக்கி, தேய்ந்ததைத் திருத்தி, மீண்டும் கோத்து, ஓட்டிப் பார்த்து அதன்பிறகே சைக்கிளில் ஏற்றினார்கள். இன்று உலகெங்கும் பரந்திருக்கும் அந்தக் கம்பனியின் முதல் வேலை, பழைய சின்ன எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவதுதான். எங்கள் இஸ்தோப்பில் நடந்த அதே வேலை.

பெற்றோல் பங்கீட்டில் இருந்தது. அதனால் பைன் மர எண்ணெயைப் பெற்றோலில் கலந்து ஓட்டினார்கள். அது லேசில் பற்றாது. பற்றினால் புகையும் நாற்றமும். ஆனாலும் வண்டி ஓடியது. அதன் சத்தத்தை வைத்து மக்கள் அதைப் பட்டபட்டா என்று அழைத்தார்கள்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமா சிரட்டையைக் கீழே வைத்துவிட்டார். பைன் எண்ணெய் கதை அவருக்குப் புதிது. ஆனால் கதையின் வாசனை புதிதல்ல. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபிறகு யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் நம்முடைய ஆட்கள் செய்ததும் இதைத்தானே. சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல். காபரேற்றர் வாயில் சில துளி பீச்சி, உதைத்து, எஞ்சின் பிடித்துச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, சூடேறினால்தான் ஆவியாகும் என்பது யாரும் புத்தகத்தில் படித்ததல்ல. மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டும் என்பதால் சிலிண்டர் தலைக்கடியில் இன்னொரு கஸ்கட் வைத்து அமுக்கத்தைக் குறைத்ததை மாமா கைகளால் காட்டினார். பிளக்கில் கரி கட்டும். வாரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுரண்ட வேண்டும். வளையம் தேய்ந்தால் புதியது வராது. வேறொரு எஞ்சினின் வளையத்தை அரத்தால் அராவிப் போட்டார்கள். அப்படி ஓடிய வண்டிகளில்தான் பிள்ளைத்தாய்ச்சிகளும் காயக்காரர்களும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

எம்டி 90 வந்த வழி

ஐந்நூறு எஞ்சின்களும் சீக்கிரம் தீர்ந்தன. இனிச் சொந்தமாகத்தான் செய்ய வேண்டும். 1947இல் ஏ வகை என்ற தன் முதல் எஞ்சினை வெளியிட்டார். 1948 செப்டெம்பர் 24ஆம் திகதி ஹொண்டா மோட்டார் கம்பனி பதிவானது. முதலீடு பத்து இலட்சம் யென், ஆட்கள் 34 பேர். அடுத்த வருடம் டிரீம் என்ற முதல் முழு மோட்டார் சைக்கிள் வந்தது. அதே 1949இல் தக்கேயோ ஃபுஜிசாவா சேர்ந்தார். கணக்கு, விற்பனை, கடன் எல்லாம் அவர் தலையில். பட்டறை மட்டும் ஹொண்டாவின் உலகம். ஃபுஜிசாவா இல்லாவிட்டால் ஹொண்டா ஒரு கெட்டிக்கார மெக்கானிக்காக ஹமமட்சுவிலேயே இருந்திருப்பார் என்று சொல்பவர்கள் உண்டு.

1952இல் சைக்கிளில் பூட்டும் கப் எஞ்சினைச் செய்தபோது, ஃபுஜிசாவா நாடெங்கும் இருந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் எழுதினார். அவற்றில் சுமார் 13,000 கடைகள் விற்பனையாளர்களாகின. பக்கத்தில் கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. அதன் கேள்வியால் ஜப்பானின் தொழில்கள் உயிர்பெற்றன. ஒரு நாட்டின் அழிவு இன்னொரு நாட்டின் மீட்சிக்கு எண்ணெய் விட்டது என்பதும் இந்தக் கதையில் சேர வேண்டியதுதான்.

1958 ஓகஸ்டில் சுப்பர் கப் வந்தது. ஐம்பது சிசி, நான்கு அடிப்பு. கையால் கிளச் பிடிக்கத் தேவையில்லை. ஒரு கையில் நூடில்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் கடைப்பையன் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யப்பட்ட வண்டி. பாவாடையோடும் ஏறலாம், சேலையோடும் ஏறலாம். 2017இல் அந்தக் குடும்ப வண்டிகளின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தொட்டது. அந்தக் குடும்பத்தில் ஜப்பானியத் தபால்காரர்களுக்கென்று பாரம் தாங்கும்படி அமைத்த பிள்ளைதான் எம்டி 90. அங்கே கடிதம் சுமந்து முடித்தபின், பாவித்த வண்டியாகக் கப்பலேறி இங்கே வந்தது. இங்கே அது என்னவெல்லாம் சுமந்தது என்று வன்னியில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எண்ணெய்க் கை

ஹொண்டா சாந்தமான மனிதர் அல்ல. பிழை விட்ட தொழிலாளியைத் திட்டுவார், அடிப்பார், கையில் இருந்த சாவியை எறிவார். அடி வாங்கியவர்கள் பிறகு அதைப் பெருமையாகச் சொன்னாலும், அது பெருமைக்குரியதல்ல. ஆனால் வேறு சில காரியங்களையும் அவர் செய்தார். தன் பிள்ளைகளைக் கம்பனியின் வாரிசாக்கவில்லை. எழுபதுகளின் வாசலில், எஞ்சினைக் காற்றால் குளிர்விப்பதா நீரால் குளிர்விப்பதா என்று பெரிய விவாதம் வந்தது. காற்றுத்தான் என்று அவர் பிடிவாதமாக நின்றார். இளம் பொறியியலாளர்கள் நீர்தான் வழி என்று நிரூபித்தார்கள். அவர் வழிவிட்டார். 1973இல், 66 வயதில், ஃபுஜிசாவாவும் அவரும் ஒன்றாகவே பதவி விலகினார்கள். அடுத்து தலைவரானவர் 1947இல் அந்தக் கொட்டிலுக்கு வேலை தேடி வந்த கியோஷி கவாஷிமா.

ஓய்வு பெற்றபின் ஜப்பானெங்கும் சிதறிக்கிடந்த தன் கம்பனியின் தொழிற்சாலைகளுக்கும் விற்பனை, திருத்த நிலையங்களுக்கும் போனார். சிலவற்றில் வேலை செய்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அவர்களிடமும் கைகொடுத்து நன்றி சொன்னார். ஓரிடத்தில் ஒரு மெக்கானிக் கையில் எண்ணெய் என்று பின்வாங்கியபோது, அந்தக் கையை வலிந்து பிடித்துக்கொண்டார் என்று அவரோடு இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

1991 ஓகஸ்ட் 5ஆம் திகதி, 84 வயதில், ஈரல் நோயால் இறந்தார். கம்பனிச் சார்பில் பெரிய இறுதிச்சடங்கு வேண்டாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். கார் செய்கிறவன் செத்து வீதியை மறித்து நெரிசல் உண்டாக்கக்கூடாது என்பது அவர் எண்ணம்.

எது இருந்தது, எது இல்லை

இந்த வாழ்க்கையை விடாமுயற்சிக்கு உதாரணமாகத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மேடைதோறும் சொல்கிறார்கள். போருக்குப் பின்னர் வடக்கு கிழக்கில் நடந்த இளைஞர் கருத்தரங்குகள் சிலவற்றிலும் கேட்டிருக்கிறேன். ஜப்பான் எழுந்தது, நீங்களும் எழுங்கள் என்ற தொனியில். அந்தப் பேச்சில் ஒரு பாதி விடுபட்டுப் போகிறது.

ஹொண்டாவிடம் விடாமுயற்சி இருந்தது, சந்தேகமில்லை. அதோடு விற்றுக் காசாக்க எஞ்சிய ஒரு தொழிற்சாலையும் அதை வாங்க ஒரு பெரிய கம்பனியும் இருந்தன. தெரியாததைக் கேட்டு நின்ற முதலாளிக்குக் கதவு திறந்த ஒரு கல்லூரி இருந்தது. சான்றிதழ் இல்லை என்று யாரும் அவர் எஞ்சினைத் திருப்பி அனுப்பவில்லை. தோற்ற இராணுவத்தின் எஞ்சின்கள் அவர் கைக்கு வந்தன. முள்ளிவாய்க்காலில் வீதியோரம் குவிந்து கிடந்த நம்முடைய மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் எரிந்தும் துருப்பிடித்தும் பழைய இரும்பாகப் போயின. அவற்றில் ஒன்று மாமாவுடையது. அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் முகாமில் வரிசையில் நின்றன. வெளியே வராத கைகளும் உண்டு.

மாமா திரும்பி வந்த பிறகு நகரத்துத் திருத்தகம் ஒன்றில் வேலை கேட்டார். எங்கே படித்தீர்கள், சான்றிதழ் இருக்கிறதா என்றார்கள். இரண்டுக்கும் அவரிடம் பதில் இல்லை. இருபது வருட வேலையை அவர் சுமந்து வந்தது கையில்தான், பையில் அல்ல. அதன்பின் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலைக்குப் போனார். பின்னேரங்களில் லயத்து ஆட்களின் வண்டிகளை இஸ்தோப்பில் திருத்துகிறார். பாதிப்பேர் காசு கொடுப்பார்கள், மீதிப்பேர் மரக்கறி.

தெரிந்த தொழிலைச் செய்து காட்டிச் சான்றிதழ் பெறும் வழி நம் நாட்டில் இல்லாமல் இல்லை. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழை, வகுப்புக்குப் போகாமல், முன்பு கற்றதையும் செய்ததையும் மதிப்பிட்டும் வழங்குகிறார்கள். மோட்டார் சைக்கிள் திருத்துநருக்கும் அது உண்டு. இதை அறியாமல் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் எத்தனையோ மாமாக்கள் இருக்கிறார்கள். தடைக்காலத்தில் அவர்கள் கற்றது ஒரு படிப்பு. வறுமையின் குறுக்குவழி என்று அதைத் தாழ்த்திப் பேசத் தேவையில்லை. அதைப் படிப்பென்று ஏற்று ஒரு தாள் கொடுப்பது பெரிய செலவுள்ள காரியமும் அல்ல.

அன்று மாலை புதிய வளையத்தைப் பண்டாரவளையிலிருந்து வாங்கி வந்தேன். மாமா அதை முதலில் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனாலேயே நேராகத் தள்ளி, வளையத்தின் இரு முனைகளுக்கும் இடையிலான இடைவெளியை அளவுத் தகட்டால் பார்த்தார். 0.15 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் சூட்டில் விரிந்து முட்டும். 0.35ஐத் தாண்டினால் அமுக்கம் நழுவும். சரியாக இருந்தது. மூன்று வளையங்களின் வாய்களும் ஒரே கோட்டில் வராமல் திசைக்கொன்றாகத் திருப்பி, எண்ணெய் தடவி, விரலால் அமுக்கி இறக்கினார். மூன்றாவது உதையில் வண்டி பிடித்தது. முதலில் கொஞ்சம் புகை, பிறகு இல்லை.

கை கழுவி வந்தவரிடம் அந்த விண்ணப்பப் படிவத்தை எடுத்து வைத்தேன். பெயர், முகவரி எல்லாம் எழுதியாயிற்று. தொழில் கற்ற இடம், காலம் என்ற கட்டம் வந்தபோது இருவரும் நின்றோம். அந்தக் கராஜ் இன்று இல்லை. முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியாது. உறுதிப்படுத்திக் கையெழுத்திட ஆளில்லை. மாமா கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுதச் சொன்னார். எழுதினேன்: தர்மபுரம், 1985 முதல் 2009 வரை.